லேப்டாப்பை எதில் கட்டுகிறீர்கள்?

"அண்ணா, இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க, டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இருந்தால் இதைக் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் யார், என்ன பெயர், எதுவும் தெரியாது. ஆனாலும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளை, அதற்குள் இருக்கிற சில வருட உழைப்போடு சேர்த்து, அவர் கண்முன்னே விட்டுவிட்டு எழுந்து போகிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. முன்பின் தெரியாதவரிடம் பொருளை ஒப்படைத்துவிட்டுப் போகும் நம்பிக்கை நம் ஊரில் இன்னும் மிச்சமிருப்பது நல்ல விஷயம்தான். அது போய்விடக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆளுக்கும் போன் வரும். அவரும் எழுந்து வெளியே போவார். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்து, சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனால், அது அவருடையது இல்லை என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்?

சென்னையில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்வது என் தொழில். லேப்டாப் காணாமல் போன பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. அழைக்கிறவர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே இருந்ததை எப்படியாவது எடுத்துக் கொடுக்க முடியுமா?" பொருளே கையில் இல்லாதபோது நான் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது? அந்தக் குரல்களைக் கேட்டுக் கேட்டுத்தான், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத கேபிள் பூட்டைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

லேப்டாப்பின் பக்கவாட்டில், பெரும்பாலும் பின்மூலையை ஒட்டி, ஒரு சின்னச் சந்து இருக்கும். பக்கத்திலேயே குட்டியாக ஒரு பூட்டுப் படம் போட்டிருக்கும். வாங்கி நாலைந்து வருடமான பிறகும் அது எதற்கு என்று கேட்காமலே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கென்சிங்டன் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு அது. 3 மில்லிமீட்டருக்கு 7 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அளவு. பூட்டின் தலையில் 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சந்துக்குள் நேராக நுழைத்துச் சாவியைத் திருப்பினால், நாக்கு கால் வட்டம் திரும்பி உள்பக்கமாகக் குறுக்கே பிடித்துக்கொள்ளும். இனி இழுத்தால் வராது.

பூட்டோடு சேர்ந்த கம்பிவடம் மெல்லிய எஃகு இழைகள் பலவற்றை முறுக்கிச் செய்தது. மேலே பிளாஸ்டிக் உறை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நாலரை, ஐந்து மில்லிமீட்டர் கனத்திலும், ஒன்றரை முதல் 1.8 மீட்டர் வரை நீளத்திலும் இருக்கும். வடத்தின் மறுமுனையில் ஒரு கண்ணி. அசையாத ஏதாவது ஒன்றைச் சுற்றி வடத்தைக் கொண்டுவந்து, பூட்டுத் தலையைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தால் சுருக்கு விழும். பிறகு தலையை லேப்டாப்பில் பூட்ட வேண்டியதுதான். கை பழகிவிட்டால் பத்து இருபது விநாடி வேலை.

இப்போது இதன் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பி வெட்டும் பெரிய கட்டர் கையில் இருந்தால் இந்த வடம் தாங்காது. பலமாக நெம்பினால் சந்தே பெயர்ந்து வரும். பிளாஸ்டிக் உடல் கொண்ட மாடல்களில் இன்னும் சீக்கிரம். மட்டமான பூட்டுகளைத் திறக்கிற வித்தைகளும் உண்டு. 2004இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்ற பேர்போன நிறுவனத்தின் சைக்கிள் பூட்டைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவால் திறந்து காட்டினார்கள். செய்தி பரவி, அந்த நிறுவனம் பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த நாளைய லேப்டாப் பூட்டுகள் பலவற்றிலும் அதே மாதிரி குழாய் வடிவ வட்டச் சாவிதான். அவற்றையும் வெறும் அட்டைச் சுருளைக் கொண்டு திறந்து காட்டியவர்கள் இருந்தார்கள். நல்ல நிறுவனங்கள் அதன்பின் பூட்டின் உள்ளமைப்பை மாற்றிவிட்டன. பெயரில்லாத மலிவுப் பூட்டுகளில் பழைய அமைப்பு இன்னும் வந்துகொண்டிருக்கலாம். அதனால் பெயரில்லாத வட்டச் சாவிப் பூட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்பேன்.

"அப்படியானால் எதற்கு அண்ணா இந்தப் பூட்டு?" என்று எடுத்தவுடன் கேட்பார்கள். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் பேனாவை நூலில் கட்டி வைத்திருப்பார்களே, அந்த நூலை அறுக்க எத்தனை பலம் வேண்டும்? ஆனால் கட்டியிருக்கிற பேனாவை யாரும் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு போவதில்லை. அறுக்க வேண்டும், அறுப்பதை நாலு பேர் பார்ப்பார்கள். அந்தத் தயக்கம்தான் பேனாவைக் காப்பாற்றுகிறது.

லேப்டாப் பூட்டும் அதே தயக்கத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. பூட்டாத லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போவதற்கு மூன்று நொடி போதும். எடுக்கிறவர் அதன் சொந்தக்காரர் போலவே தெரிவார். பூட்டிய லேப்டாப்பை எடுக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும், கருவியை வெளியே எடுக்க வேண்டும், சத்தம் வரும், இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். பிய்த்து எடுத்தாலும் உடல் விரிசல் விட்ட லேப்டாப்புக்கு நல்ல விலை வராது. விற்பவரைப் பார்த்ததும் வாங்குகிறவருக்குச் சந்தேகம் வரும். ஆக, கேபிள் பூட்டு நமக்குச் சம்பாதித்துக் கொடுப்பது சில நிமிடங்களை. அந்த நிமிடங்களுக்கு மதிப்பு வருவது சுற்றிலும் ஆள் இருக்கும்போதுதான். பார்க்கிற கண் இருக்கிற இடத்தில் அது வலுவான காவல். கண்ணே இல்லாத இடத்தில் வெறும் கம்பி.

இதைப் புரிந்துகொண்டால், நம்மில் பெரும்பாலோர் பூட்டைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம் என்பது தெரியும். நான் பார்த்துக்கொள்கிற ஓர் அலுவலகத்தில் வெகுகாலம் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் எல்லா லேப்டாப்பையும் மேசையோடு பூட்டிவிட்டுப் போவார்கள். காலையில் வந்ததும் பூட்டையெல்லாம் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார்கள். ராத்திரி ஷட்டரை உடைத்து உள்ளே வருகிறவன் கடப்பாரையோடு வருவான். அவனுக்கு விடிய விடிய நேரம் இருக்கிறது. அவனை இந்த வடம் தடுக்காது. ராத்திரிக்கு லேப்டாப்பை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவதே சரி. பகலில் என்ன நடக்கிறது? மாடிப்படி ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுகிற வரவேற்பு மேசையில் லேப்டாப் திறந்தபடி இருக்கும். கூரியர்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர், வேலை கேட்டு வருகிறவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மேசைக்குரிய பெண் உள்ளே கையெழுத்து வாங்கப் போயிருப்பார். பூட்டு இருக்க வேண்டியது அந்த மேசையில், அந்தப் பத்து நிமிடத்தில். எடுத்துச் சொன்னபோது அந்த முதலாளி உடனே புரிந்துகொண்டார். இப்போது அங்கே பகலில்தான் பூட்டுகள் வேலை செய்கின்றன.

விடுதிகளுக்கும் மேன்ஷன்களுக்கும் இது அப்படியே பொருந்தும். திருவல்லிக்கேணி மேன்ஷனோ, வேளச்சேரி, சோழிங்கநல்லூர்ப் பக்கத்து பி.ஜி.யோ, விடிகாலையில் ஒரு சுற்று வந்து பாருங்கள். ஒருவர் குளிக்கப் போயிருப்பார், ஒருவர் நைட் ஷிப்ட் முடித்து அயர்ந்து தூங்குவார், காற்றுக்காகக் கதவு ஒருக்களித்திருக்கும். மாடிப்படியில் யார் ஏறினாலும் இன்னொரு அறைக்காரரின் நண்பர் என்றே நினைப்பார்கள். 2021 தொடக்கத்தில் குஜராத்தின் ஜாம்நகர் போலீசார் ஓர் இளைஞரைக் கைது செய்தார்கள். பல ஊர்களின் மருத்துவக் கல்லூரி விடுதிகளில் சுமார் 500 லேப்டாப்புகளைத் திருடியதாக அவர் ஒப்புக்கொண்டார் என்று போலீசார் அப்போது சொன்னார்கள். அந்த எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். பேங்க் லாக்கரை உடைக்கிற சாமர்த்தியம் இதற்கு வேண்டாம். விடுதிக்குள் மாணவனைப் போல நடந்து போகத் தெரிந்தால் போதும். அப்படி நடந்து வருகிறவனை இந்தச் சின்ன வடம் நிறுத்தும். பூட்டியிருப்பதை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவான்.

சரி, பூட்டை வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதில் கட்டுவது? என்னைக் கேட்டால் பூட்டின் விலையைவிட, பிராண்டைவிட, இந்தக் கேள்விதான் முக்கியம். பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாகப் போனவர்கள் ஏமாந்ததை இங்கேதான் பார்த்திருக்கிறேன்.

தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன், பொறியியல் கடைசி வருடம், காலையில் போன் செய்தான். "அண்ணா, நான் கட்டித்தானே வெச்சிருந்தேன், எப்படிண்ணா போச்சு?" போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் மேசை. அதன் காலைச் சுற்றிப் பூட்டியிருக்கிறான். மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு கையால் மேசையைத் தூக்கி, இன்னொரு கையால் வடத்தைக் காலிலிருந்து உருவிக்கொண்டு, லேப்டாப்பையும் வடத்தையும் சேர்த்தே எடுத்துப் போயிருக்கிறார்கள். வெளியே போன பிறகு சாவகாசமாகப் பூட்டை உடைத்திருப்பார்கள். அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்ல பூட்டுதானேப்பா வாங்கினான்?" என்றார். பூட்டு நல்ல பூட்டுதான். கட்டிய இடம் சரியில்லை. அதைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவன் அக்கறையோடு இருந்த பையன்.

ஆகவே மேசையின் காலைச் சுற்றிக் கட்டாதீர்கள். மரமேசையாக இருந்தாலும் ஒருவர் தூக்க, ஒருவர் உருவலாம். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் இருந்தால், அந்தச் சட்டத்தைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு முனையும் அடைபட்ட சட்டத்திலிருந்து வடத்தை உருவ முடியாது. நாற்காலியில் கட்டுவது வீண். டிராயரின் கைப்பிடி இரண்டு திருகாணியில் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். தண்ணீர்க் குழாயிலும் மின்சார வயர் போகிற பைப்பிலும் கட்டவே கட்டாதீர்கள். இழுக்கிற இழுப்பில் லேப்டாப்பைவிடப் பெரிய சேதம் வரும்.

நம் வீடுகளிலும் விடுதிகளிலும் இரண்டு அருமையான பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று இரும்புக் கட்டில். தலைமாட்டுச் சட்டம் பற்றவைத்து எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். அந்தக் கம்பிகளில் ஒன்றைச் சுற்றிக் கட்டினால் கட்டிலையே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இன்னொன்று ஜன்னல் கம்பி. சுவரில் பதித்த கம்பியைவிட அசையாத பொருள் அறையில் வேறு எது?

ஜன்னல் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீளமான கம்பை ஜன்னல் வழியாக விட்டுத் தொங்குகிற சட்டையை, பையை, போனை இழுத்து எடுக்கும் திருட்டு நம் ஊருக்குப் புதிதில்லை. லேப்டாப்பும் அந்த வழியாகப் போகும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மூடிய லேப்டாப்பின் தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குப் பக்கம்தான். ஜன்னல் கம்பிகளின் இடைவெளி அதைப் போலப் பல மடங்கு. சாய்த்துத் திருப்பினால் வெளியே போய்விடும். கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்து மேசையில் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தூங்குகிற தரைத்தள வீடுகளில் இது நிஜமான ஆபத்து. ராத்திரியில் கேபிள் பூட்டு முழுப் பலன் தருகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வெளியே நிற்கிறவன் கையை நீட்டிப் பூட்டோடு மல்லுக்கட்ட முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கட்டிலில் கட்டிவிட்டுத் தூங்குங்கள்.

சொந்த மேசையாக இருந்தால் ஆங்கர் பிளேட் வாங்கலாம். வளையம் வைத்த சின்ன உலோகத் தகடு. மேசையின் அடிப்பக்கத்தில் திருகாணியால் முடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒட்டுப்பசையோடு வருகிற தகடுகளும் உண்டு. அவை கண்ணாடி மேசைக்கும், ஓட்டை போட முடியாத வாடகை வீட்டுக்கும் ஆகும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, பாக்கெட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டு அன்றே இழுத்தால் கையோடு வந்துவிடும்.

கட்டும்போது வடம் நடைபாதையில் குறுக்கே கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது கால் தடுக்கினால் ஆளும் விழுவார், லேப்டாப்பும் விழும். சுவர்ப் பக்கமாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது வாங்குவது. இங்கே ஒரே ஒரு சிக்கல்தான், ஆனால் பலரும் மாட்டிக்கொள்வது அதில்தான்: எல்லா லேப்டாப்பிலும் சந்து ஒரே அளவு கிடையாது. பழைய, கொஞ்சம் தடிமனான மாடல்களில் நான் முதலில் சொன்ன 3-க்கு 7 அளவு. மெல்லிய லேப்டாப்புகள் வரத் தொடங்கியதும் கென்சிங்டனே நானோ என்று 2.5-க்கு 6 மில்லிமீட்டரில் இன்னொன்றைக் கொண்டுவந்தது. டெல்லின் லேட்டிட்யூட் போன்ற வரிசைகளில் ஆப்பு வடிவத்தில் வெட்ஜ் என்று ஒன்று இருக்கிறது. அது நோபிள் என்ற நிறுவனத்தின் அமைப்பு, சுமார் 3.2-க்கு 4.5. மூன்றும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். ஒன்றின் பூட்டு இன்னொன்றில் சரியாக உட்காராது. பாதி நுழைந்து ஆடிக்கொண்டிருக்கிற பூட்டை, பூட்டிவிட்டோம் என்று நம்பி விட்டுப் போவது பூட்டாமல் விடுவதைவிட மோசம். மூன்று தலைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் பூட்டுகளும் வருகின்றன. ஆபீசில் பலவகை லேப்டாப் இருந்தால் அது வசதி.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் உங்கள் மாடலின் விவரக்குறிப்பில் என்ன சந்து என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குப் போகிறீர்கள் என்றால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே பூட்டி, நன்றாக இழுத்துப் பார்த்து, திரும்பத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரைக்கும் பூட்டுகள் இருக்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு மிக விலை உயர்ந்தது தேவையில்லை. நடுத்தர விலையில் பெயருள்ள பூட்டு ஒன்று போதும்.

சாவியா, நம்பரா? விடுதிப் பிள்ளைகளுக்கு நான் நம்பர் பூட்டையே சொல்வேன். சாவியைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிற வேலை இல்லை. நாலு சக்கரம் இருக்கும் பூட்டு வாங்குங்கள். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் சேர்க்கை. மூன்று சக்கரம் என்றால் ஆயிரம்தான்; பொறுமையுள்ளவனுக்கு அது கஷ்டமில்லை. வாங்கியவுடன் கம்பெனி வைத்த நம்பரை மாற்றுங்கள். பிறந்த வருஷம், வண்டி நம்பர், போன் நம்பரின் கடைசி நாலு இலக்கம், எதுவும் வேண்டாம். அறைத்தோழனுக்கு இவையெல்லாம் தெரியும். இன்னொன்று, பூட்டிய பிறகு நாலு சக்கரத்தையும் கலைத்துவிடுங்கள். கடைசிச் சக்கரத்தை மட்டும் ஓர் எண் தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. திருப்பி வைக்கச் சுலபம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்தச் சுலபம் எல்லாருக்கும் சுலபம்.

சாவிப் பூட்டு என்றால் இரண்டு சாவி வரும். ஒன்று உங்களிடம், மற்றது வீட்டில். இரண்டையும் லேப்டாப் பையிலேயே போட்டு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பை போனால் எல்லாம் போச்சு. சாவியில் பொறித்த எண்ணைக் குறித்து வைத்தால், கென்சிங்டன் போன்ற நிறுவனங்களில் முன்பே பதிவு செய்து கொண்டவர்களுக்கு மாற்றுச் சாவி கிடைக்கும்.

மேக்புக் வைத்திருப்பவர்கள் இந்நேரம் பூட்டுச் சந்து எங்கே என்று தேடிப் பார்த்திருப்பார்கள். இருக்காது. மேக்புக் ஏரில் அது எப்போதுமே இருந்ததில்லை. மேக்புக் ப்ரோவிலும் 2012இல் ரெட்டினா திரையோடு வந்த மாடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். லேப்டாப்பை மெல்லிசாக்க வேண்டும் என்று ஆப்பிளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தது எனக்குப் பெரிய வருத்தம். ஓரிரு மில்லிமீட்டர் குறைவதற்காக இவ்வளவு எளிய ஒரு பாதுகாப்பை விட்டிருக்க வேண்டியதில்லை. சந்து இல்லாத லேப்டாப்புக்கு அடிப்பக்கம் ஒட்டுகிற தகடுகள் இருக்கின்றன; சில மாடல்களுக்கு அடிப்பலகையின் திருகாணிகளோடு சேர்த்து மாட்டுகிற பிராக்கெட்டும், மூடியை இறுகப் பிடிக்கிற ஸ்டாண்டும் கிடைக்கும். ஒட்டுத் தகடு கழற்றும்போது தடம் விடும், கொஞ்சம் அழகு கெடும். எனக்குப் பொருள் இருப்பது முக்கியம் என்பதால் அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன்.

ரயில் பயணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நம் ரயில்களில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெட்டிகளைச் சங்கிலி போட்டுப் பூட்ட இரும்பு வளையம் வைத்திருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் சங்கிலியும் பூட்டும் விற்பதும் அதற்குத்தான். பெரிய பெட்டிக்கு அது சரி. லேப்டாப் பையை மட்டும் அங்கே விடாதீர்கள். பையின் கைப்பிடியைப் பூட்டினாலும் ஜிப்பைத் திறக்கவோ, துணியைக் கிழிக்கவோ நேரமாகாது. லேப்டாப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் இருக்கட்டும், பெட்டியை வளையத்தோடு பூட்டுங்கள். இல்லையென்றால் தலைமாட்டில் வைத்துப் படுங்கள். 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, நாம் கையோடு கொண்டுபோகிற சாமான் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் அலட்சியமோ தவறோ காரணம் என்று நிரூபித்தால்தான் ரயில்வே பொறுப்பு. ஓடும் ரயிலில் பொருள் போனால் உடனே 139க்குச் சொல்லுங்கள். இறங்குகிற ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் பொருளைக் காப்பாற்ற. உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் சக்தி எந்த வடத்துக்கும் கிடையாது. சில மாடல்களில் அடிப்பலகையைக் கழற்றி ஸ்டோரேஜை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியும், லேப்டாப் பூட்டியபடியே இருக்கும். அதனால் விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட் என்று தகவலைப் பூட்டி வைக்கும் வசதிகளில் எது இருக்கிறதோ அதைப் போட்டு வையுங்கள். பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைக்காமல் விடாதீர்கள்; அது இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும். முக்கியமான ஃபைல்கள் லேப்டாப்பிலும் இருக்கட்டும், அதற்கு வெளியே இன்னோர் இடத்திலும் இருக்கட்டும். ஆடிட்டர் ஆபீசில் இருப்பது அவர்கள் கணக்கு மட்டும் கிடையாது, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பான் எண்ணும் வங்கி விவரமும். ஆராய்ச்சி மாணவர்களிடம் இருப்பது திரும்ப எடுக்கவே முடியாத களப்பணிக் குறிப்புகள். லேப்டாப்பை இன்னொன்று வாங்கிவிடலாம்.

இன்றைக்கே செய்துவிடக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கிற சீரியல் நம்பரைப் போனில் படம் எடுங்கள். வாங்கிய ரசீதையும் எடுத்து, இரண்டையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கிவிடலாம். 2023 முதல் நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. சாதாரண லேப்டாப்புக்கு ஐஎம்இஐ கிடையாது, அப்படி முடக்குகிற ஏற்பாடும் இல்லை. அந்த சீரியல் நம்பர்தான் உங்கள் ஒரே அடையாளம். புகார் கொடுக்கும்போது ஸ்டேஷனில் முதலில் கேட்பதும் அதைத்தான். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு முதலில் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அதோடு நின்றுவிடாமல் எஃப்ஐஆர் பதியச் சொல்லிக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கேட்கப் போனால் அது வேண்டும். 2024 ஜூலை முதல் திருட்டு வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் வருகிறது. குடியிருக்கும் இடத்திலோ பயண வாகனத்திலோ நடந்தால் 305. ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே, இன்னொரு போனிலிருந்தாவது, மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2011இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் முதல் கணினி அதுதான் என்ற நிலையில் எத்தனையோ குடும்பங்கள். அதை வைத்துப் படித்து, வேலைக்குப் போய், தம்பி தங்கைக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு லேப்டாப் போவது ஒரு பொருள் போவதோடு முடிவதில்லை. இரண்டு மூன்று வருட மாதத் தவணை பாக்கி நிற்கும்போதே கை வெறுங்கையாகிவிடும். என் அக்கறையெல்லாம் அவர்கள் மேல்தான்.

ஆகவே விடுதி வார்டன்களிடமும், நூலகர்களிடமும், பி.ஜி. நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ எத்தனை பிள்ளைகள் போட்டித் தேர்வுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர் நூலகத்திலும் படிக்கிறார்கள். ரயில்வே தன் படுக்கைகளுக்கு அடியில் வளையம் வைத்திருக்கிறது. படிக்கிற மேசைக்கு அடியில் அப்படி ஓர் இரும்பு வளையத்தைப் பற்றவைக்க ஒரு வெல்டருக்கு அரைநாள் கூலி ஆகும். மேசைக்கு ஒன்று வைத்துக் கொடுங்கள். பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிற பெற்றோர், பக்கெட்டும் பூட்டும் வாங்குகிற அன்றைக்கே இந்தப் பூட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டிலில் எந்தக் கம்பியைச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று கூட இருந்து காட்டிவிட்டு வாருங்கள்.